பட்டுக்கு ஒரு முறை, பருத்திக்கு ஒரு முறை

கல்யாணப் பந்தியில் ஒருவரின் வெள்ளை வேட்டியில் சாம்பார் தெறிக்கிறது. கை கழுவும் இடத்துக்கு ஓடி, அங்கிருக்கும் சோப்பை எடுத்துத் தேய்க்கிறார். மஞ்சளாக இருந்த கறை கண்ணெதிரே சிவப்பாக மாறுகிறது. பதறிப்போய் இன்னும் அழுத்தித் தேய்க்கிறார். வீட்டுக்கு வந்ததும் வேட்டி, பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளிக்குள் போகிறது. மறுநாள் சாம்பார்க் கறை மங்கியிருக்கிறது. கூடவே வேட்டியின் ஜரிகையும் கறுத்திருக்கிறது.

மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். சோப்பு காரம், அவ்வளவுதான் விஷயம். அதே குர்குமின் வெயிலில் தானாகவே சிதைந்துவிடும். பச்சைத் தண்ணீரில் அலசி, வீட்டில் வழக்கம்போலத் துவைத்து, கறை பட்ட பக்கம் மேலே இருக்கும்படி இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் போட்டிருந்தால் அந்த வேட்டி பிழைத்திருக்கும்.

பீரோவில் இருப்பவற்றில் பெரும்பாலானவை அழுக்கால் பாழாவதில்லை. அழுக்கை எடுக்கப் போன அவசரத்தாலும், பிறகு மடித்து வைத்த இடத்தாலும்தான் பாழாகின்றன. அதனால் இந்த அத்தியாயம் சோப்பில் தொடங்காமல், கையில் இருப்பது என்ன பொருள் என்று பார்ப்பதில் தொடங்குகிறது.

முதல் வேலை: என்ன துணி?

ஆயத்த ஆடை என்றால் உள்பக்கத் தையலில் ஒரு சின்னச் சீட்டு இருக்கும். குத்துகிறது என்று பலர் முதல் நாளே அதை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். வெட்டலாம், எறியக் கூடாது. ஒரு பழைய டப்பாவில் போட்டு வைத்தால் போதும். அதில் உள்ள படங்களைப் படிப்பது எளிது.

- தண்ணீர்த் தொட்டி: துவைக்கலாம். உள்ளே எண் இருந்தால் தண்ணீரின் அதிகபட்சச் சூடு. உள்ளே கை இருந்தால் கையால் மட்டும்.
- முக்கோணம்: பிளீச் போடலாம். குறுக்கே அடித்திருந்தால் கூடவே கூடாது.
- சதுரத்துக்குள் வட்டம்: உலர்த்தும் இயந்திரத்தில் போடலாம்.
- இஸ்திரிப் பெட்டி: உள்ளே ஒரு புள்ளி என்றால் சுமார் 110 டிகிரி, இரண்டு என்றால் 150, மூன்று என்றால் 200.
- வெறும் வட்டம்: டிரை வாஷ். அதற்குள் இருக்கும் எழுத்து சலவைக் கடைக்காரருக்கானது.

சேலைக்கும் வெட்டித் தைத்த துணிக்கும் சீட்டு இருக்காது. பட்டுச்சேலையில் மத்திய பட்டு வாரியம் 2004-இல் கொண்டுவந்த 'சில்க் மார்க்' அட்டை தொங்கினால் அதைப் பத்திரப்படுத்தவும். அதுவும் இல்லையென்றால் நூலை எரித்துப் பார்க்கும் பழைய சோதனை இருக்கிறது.

1. துணியின் ஓரத்திலிருந்து நாலைந்து நூலை மட்டும் உருவவும். சேலையின் மூலையைக் கொளுத்திப் பார்க்கக் கூடாது.
2. தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் தட்டுக்கு மேலே, இடுக்கியால் நூலைப் பிடிக்கவும். நைலான், பாலியெஸ்டர் உடுத்திக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். விசிறியை நிறுத்தவும், குழந்தைகளை வெளியே அனுப்பவும்.
3. தீக்குச்சியைக் காட்டி, மணத்தையும் சாம்பலையும் கவனிக்கவும்.

முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் நொறுங்கினால் பட்டு அல்லது கம்பளி. காகிதம் எரியும் வாடையும் மெல்லிய சாம்பலும் என்றால் பருத்தி, லினன் அல்லது ரேயான். உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக இறுகினால் பாலியெஸ்டர் அல்லது நைலான். அந்த மணி ஆறும்வரை தொடக் கூடாது. தோலில் ஒட்டிக்கொண்டு சுடும்.

பட்டு: கட்டி முடித்த அன்று இரவு

பட்டுச்சேலையின் ஆயுள் அதைக் கட்டிக் கழற்றிய பிறகு வரும் சில மணி நேரத்தில் தீர்மானமாகிறது. கழற்றிய கையோடு மடித்துப் பீரோவில் வைப்பது பலரும் செய்யும் முதல் தவறு. வியர்வையின் உப்பு நூலைத் தின்னும். ஈரம் ஜரிகையைக் கறுக்க வைக்கும்.

1. முதலில் ஊக்குகளை எல்லாம் எடுக்கவும். மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சேஃப்டி பின், அடுத்த மழைக்காலத்தில் துருப் புள்ளியாகவும் ஓட்டையாகவும் வெளிவரும்.
2. குங்குமமோ விபூதியோ கொட்டியிருந்தால் உலர்ந்த நிலையிலேயே தட்டி உதறவும். ஈரத் துணியால் துடைத்தால் பொடி நூலுக்குள் இறங்கிவிடும்.
3. நிழலில், காற்றோட்டமாக, அகலமான கொடியில் ஓர் இரவு தொங்கவிடவும். கம்பிக் கொடி ஆகாது. அதன் மேல் பழைய வேட்டியைப் போட்டு அதன்மேல் சேலையைப் போடலாம்.
4. காலையில் வெளிச்சத்தில் விரித்துக் கறை இருக்கிறதா என்று பார்க்கவும். கறையை இன்று கண்டால் எடுத்துவிடலாம், ஆறு மாதம் கழித்துக் கண்டால் கஷ்டம்.
5. ரவிக்கையைச் சேலையோடு சேர்த்து வைக்க வேண்டாம். அக்குள் வியர்வை முழுக்க அதில்தான் இருக்கிறது. தனியாக அலசி உலர்த்திய பிறகே பீரோவுக்குள்.

ஒவ்வொரு முறை கட்டிய பிறகும் துவைக்கத் தேவையில்லை. கறையும் வியர்வை வாடையும் இல்லாத சேலைக்குக் காற்று போதும்.

வீட்டில் துவைக்கலாமா?

ஜரிகை நெருக்கமாக உள்ள முகூர்த்தப் பட்டையும், கரையும் உடலும் வேறு வேறு அடர் நிறத்தில் இருக்கும் கோர்வைச் சேலையையும் டிரை வாஷுக்குக் கொடுப்பதே நல்லது. தனித்தனி நிறத்து நூல்கள் ஒரே வாளியில் ஊறும்போது எது எதன்மேல் ஏறும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஜரிகை குறைந்த மென்பட்டையும் பட்டு ரவிக்கையையும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

முன்பு வீடுகளில் பட்டுக்குப் பூந்திக்கொட்டைதான். அதற்குக் காரணம் உண்டு. பட்டு புரத இழை. துணி சோப்பிலும் சலவை சோடாவிலும் உள்ள காரம் அதன் பளபளப்பைக் கெடுத்து நூலை நைந்துபோக வைக்கும். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் காரம் இல்லை. வெள்ளைப் பட்டுக்கு மட்டும் அதை விலக்கலாம், லேசான பழுப்பு ஏறும். அதற்குப் பட்டுக்கென விற்கும் திரவ சோப்பே மேல்.

1. கொட்டையை நீக்கிய பத்துப் பன்னிரண்டு பூந்தித் தோல்களை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைக்கவும். காலையில் பிசைந்து மெல்லிய துணியில் வடிகட்டவும். கண்ணில் தெறித்தால் கடுமையாக எரியும்.
2. சாயச் சோதனை: உள்மடிப்பில் ஓர் இடத்தை நனைத்து, அதன்மேல் வெள்ளைப் பருத்தித் துணியை ஒரு நிமிடம் அழுத்தவும். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தச் சேலை வீட்டில் நனையக் கூடாது.
3. அரை வாளி பச்சைத் தண்ணீரில் வடிகட்டிய நீரைக் கலந்து, சேலையை அமுக்கி அமுக்கி எடுக்கவும். தேய்க்கவோ கும்மவோ ஊறவைக்கவோ வேண்டாம். ஐந்து நிமிடத்துக்குள் வேலை முடிய வேண்டும்.
4. நுரை போகும்வரை நல்ல தண்ணீரில் அலசவும். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்காவது குடிதண்ணீரை எடுக்கவும்.
5. பிழியக் கூடாது. தடித்த துண்டில் சுருட்டி அமுக்கி ஈரத்தை வாங்கவும்.
6. உள்பக்கம் வெளியே தெரியும்படி நிழலில் உலர்த்தவும்.

இஸ்திரி போடும்போது சேலையின் உள்பக்கத்தில், மேலே ஒரு பருத்தித் துணியை விரித்து, மிதமான சூட்டில். தண்ணீர் தெளித்துப் போடும் பழக்கம் பட்டுக்கு உதவாது. தெளித்த இடமெல்லாம் வட்ட வட்டமாகத் தடம் விழும்.

ஜரிகை ஏன் கறுக்கிறது

அசல் ஜரிகை என்பது சிவப்புப் பட்டு இழையின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியது. கறுப்பது உள்ளிருக்கும் வெள்ளி. கந்தகம் எங்கிருந்து வந்தாலும் அதனோடு சேர்ந்துகொள்ளும். மடித்த சேலையைச் சுற்றிப் போடும் ரப்பர் பேண்டிலும் கந்தகம் இருக்கிறது. சேலை கட்டிய பிறகு மேலே அடிக்கும் சென்ட்டும் முலாமுக்குப் பகை. சென்ட் போட்டு, அது உலர்ந்த பிறகுதான் சேலை. மலிவான ஜரிகையில் வெள்ளிக்குப் பதில் தாமிரம் இருக்கும், அது இன்னும் சீக்கிரம் கறுக்கும். பாலியெஸ்டர் இழையில் செய்த பிளாஸ்டிக் ஜரிகை கறுக்காது. ஆனால் சூடான இஸ்திரிப் பெட்டியில் சுருண்டுவிடும்.

கறுத்த ஜரிகையில் பற்பசை, புளி, எலுமிச்சை என்று எதையும் தேய்க்க வேண்டாம். முலாம் மிக மெல்லியது. தேய்த்தால் கறுப்போடு தங்கமும் வந்துவிடும்.

வைக்கும் முறை:

1. ஒவ்வொரு சேலையையும் துவைத்து உலர்ந்த, கஞ்சி போடாத மெல்லிய வெள்ளைத் துணியில் தனித்தனியே சுற்றவும். பழைய வேட்டித் துண்டு போதும். கடையில் கொடுத்த பிளாஸ்டிக் உறை சேலையைக் கடையிலிருந்து வீடு கொண்டுவர மட்டுமே. செய்தித்தாளிலும் சுற்றக் கூடாது. மையும் அமிலமும் துணியில் இறங்கும்.
2. ஜரிகைப் பக்கம் உள்ளே இருக்கும்படி மடிக்கவும். ஜரிகையும் ஜரிகையும் உரசும் இடத்தில் நடுவில் ஒரு துணியைக் கொடுக்கவும்.
3. கனத்த பட்டை ஹேங்கரில் மாதக்கணக்கில் தொங்கவிட வேண்டாம். சேலையின் எடையே மடிப்பில் நூலை இழுக்கும்.
4. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, பழைய மடிப்பு விழாத வேறு இடத்தில் மடிக்கவும். பாட்டி காலத்துச் சேலைகள் கிழிவது பெரும்பாலும் இந்த மடிப்புக் கோட்டில்தான்.
5. புரட்டாசியில் ஒருமுறை, தை பிறந்ததும் ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து நிழற்காற்றில் போடவும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டிய வேலை இது. மழை நாளில் இதைச் செய்தால் வெளியே உள்ள ஈரத்தைப் பீரோவுக்குள் அழைத்து வந்ததாகும்.

அந்துருண்டையும் வசம்பும்

பூச்சிகளுக்கும் தனித்தனி ருசி உண்டு. கஞ்சி போட்ட பருத்தியை ராமபாணம் தேடி வரும். பட்டையும் கம்பளியையும் அந்துப்பூச்சியின் புழு தின்னும், அதிலும் வியர்வையும் உணவுக் கறையும் உள்ள இடத்தை முதலில் தின்னும். எனவே சுத்தமாக வைப்பதே முதல் மருந்து.

அந்துருண்டை போடுவதானால் துணியில் படாமல், சின்னப் பையில் கட்டிப் பீரோவின் மேல்தட்டில் வைக்கவும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, கீழே இறங்கும். கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, பார்ப்பதற்கு மிட்டாய் மாதிரி இருப்பதால் சிறு குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ளும். இரண்டு, கைக்குழந்தையின் சட்டையையும் போர்வையையும் அந்துருண்டையோடு வைக்கவே கூடாது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அதிலுள்ள நாப்தலீனின் ஆவியே ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். மூன்று, அந்துருண்டையையும் கற்பூரத்தையும் ஒரே தட்டில் போட்டால் இரண்டும் சேர்ந்து நம் ஊர் வெயிலுக்கே இளகி, எண்ணெய்க் கறையாகத் துணியில் இறங்கும்.

வசம்பு, கிராம்பு, வேப்பிலை ஆகியவற்றையும் துணி முடிச்சாகக் கட்டி வைக்கலாம். வேப்பிலையைச் சருகாகும்வரை காயவைத்த பிறகே. பச்சை இலையைப் போட்டால் பூச்சி வராமல் இருக்கலாம், பூஞ்சணம் வரும். இவற்றின் வாடை ஓரிரு மாதத்தில் போய்விடும். மாற்ற மறந்தால் வைத்ததற்கு அர்த்தமில்லை.

பருத்தி: சாயம், கஞ்சி, நீலம்

பருத்தி எதையும் தாங்கும் என்பது பொதுவான நம்பிக்கை. ஈரத்தில் அதன் பலம் கூடும் என்பது உண்மை; அதனால்தான் துவைக்கிற கல்லின் அடியைத் தாங்குகிறது. ஆனால் அதன் சாயம் அத்தனை முரடல்ல. மதுரைச் சுங்குடியையும் செட்டிநாட்டுக் கண்டாங்கியையும் முதல் மூன்று நான்கு முறை தனித்தனியே, பச்சைத் தண்ணீரில், ஊறவைக்காமல் அலச வேண்டும். கல்லுப்பு போடுவது பயனற்றது அல்ல. அலசும் நேரத்தில் சாயம் நீருக்குள் ஓடுவதை உப்பு கொஞ்சம் குறைக்கும். சாயத்தைக் காலத்துக்கும் நிறுத்தி வைக்கும் வேலை மட்டும் உப்பால் ஆகாது.

புதுச் சேலைக்கு ஃபால்ஸ் தைக்கும் முன்பு அந்த ஃபால்ஸ் துணியை ஓர் இரவு ஊறவைத்து உலர்த்தித் தையற்காரரிடம் கொடுக்கவும். ரவிக்கையின் லைனிங்குக்கும் இதே விதி. இல்லையென்றால் முதல் சலவையில் உள்துணி சுருங்கி, மேல்துணி சுருக்கம் சுருக்கமாகத் தூக்கிக்கொள்ளும். எத்தனை இஸ்திரி போட்டாலும் அது சரியாகாது.

கஞ்சி போடும் வரிசை:

1. துணியை நன்றாகத் துவைத்து, சோப்பு துளியும் இல்லாமல் அலசவும்.
2. ஒரு சேலைக்கு இரண்டு மேசைக்கரண்டி ஜவ்வரிசியை ஒரு லிட்டர் தண்ணீரில் கண்ணாடிபோல் ஆகும்வரை காய்ச்சி வடிகட்டவும். வீட்டில் சோறு வடித்த கஞ்சி இருந்தால் அதுவே போதும், ஒரு பருக்கையும் இல்லாமல் வடிகட்ட வேண்டும்.
3. அரை வாளித் தண்ணீரில் கலக்கவும். அடர் நிறத் துணிக்குக் கஞ்சியை இன்னும் நீர்க்கவைக்கவும், வெள்ளைத் திட்டு விழாது.
4. வெள்ளைத் துணி என்றால் நான்கைந்து சொட்டு நீலத்தை முதலில் ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து, பிறகு வாளியில் சேர்க்கவும். நீலத்தை நேரே துணிமேல் விட்டவர்களின் வேட்டியில் அந்தத் திட்டு வருடக்கணக்கில் இருக்கும்.
5. துணியை முழுவதும் ஒரே நேரத்தில் முக்கி எடுத்து, லேசாகப் பிழிந்து, நன்றாக உதறி உலர்த்தவும். வெள்ளை வெயிலில், வண்ணம் நிழலில்.
6. லேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போடவும்.

கஞ்சி போட்ட துணியை நாலு மாதத்துக்குப் பெட்டியில் போட்டு வைக்கக் கூடாது. வெளியூர் போகிறவர்கள், பருவம் மாறும்போது பருத்திச் சேலைகளை ஒதுக்கி வைப்பவர்கள், கஞ்சியை அலசி எடுத்துவிட்டே மடிக்க வேண்டும்.

ரேயான், பாலியெஸ்டர், கம்பளி

இந்த மூன்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ரேயான் தொட்டால் பருத்திபோல இருக்கும்; ஆனால் நனைந்தால் அதன் பலம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். முறுக்கிப் பிழிந்தால் அங்கேயே கிழியும். பாலியெஸ்டர் தண்ணீரைக் குடிக்காது, எண்ணெயைக் குடிக்கும். வியர்வை வாடை போகாத சட்டைகள் பெரும்பாலும் இந்த வகை. உள்பக்கத்தைத் திருப்பிப்போட்டுத் துவைத்தால் பலன் தெரியும். அடுப்படியில் ஜார்ஜெட், நைலான், பாலியெஸ்டர் உடுத்திக்கொண்டு நிற்பது ஆபத்து. தீப்பிடித்தால் உருகித் தோலில் ஒட்டும்.

கம்பளியின் இழையில் நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. வெந்நீரும் தேய்ப்பும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஸ்வெட்டர் குழந்தைச் சட்டை அளவுக்குச் சுருங்கும், திரும்பாது. பச்சைத் தண்ணீரில் அமுக்கி அலசி, துண்டில் சுருட்டி, தரையில் விரித்து உலர்த்தவும். கொடியில் தொங்கவிட்டால் கை முழங்கால்வரை நீளும். ஊட்டிப் பயணம் முடிந்ததும் துவைக்காமல் அலமாரியில் தூக்கிப் போட்ட ஸ்வெட்டரைத்தான் அந்துப்பூச்சி முதலில் கண்டுபிடிக்கும்.

கறை: எது முதலில்

எல்லாக் கறைக்கும் பொதுவான வரிசை ஒன்று உண்டு. முதலில் ஒற்றி எடுக்கவும், தேய்க்க வேண்டாம். ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் போகவும். கறை முழுக்கப் போனது உறுதியாகும்வரை இஸ்திரி போடவே கூடாது. சூடு கறையைச் சமைத்து நிறுத்திவிடும்.

- ரத்தம், பால், முட்டை: பச்சைத் தண்ணீர் மட்டும். வெந்நீரில் புரதம் உறைந்து ஒட்டிக்கொள்ளும்.
- எண்ணெய், நெய்: முகப்பவுடரைத் தூவி அரை மணி நேரம் விட்டு உதறவும். பருத்தி, பாலியெஸ்டர் என்றால் பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டு. பட்டு என்றால் பவுடரோடு நிறுத்திவிட்டு டிரை வாஷ்.
- காபி, தேநீர்: உடனே பச்சைத் தண்ணீரில் அலசவும். பால் கலந்தது என்பதால் வெந்நீர் பிறகுதான்.
- பால்பாயின்ட் மை: கறைக்கு அடியில் பழந்துணியை வைத்து, ஸ்பிரிட்டோ சானிடைசரோ நனைத்த பஞ்சால் ஒற்றவும். சாயம் போகிறதா என்று முதலில் மறைவான இடத்தில் பார்க்கவும். அருகில் விளக்கோ அடுப்போ எரியக் கூடாது.
- துரு: வெள்ளைப் பருத்தியில் மட்டும் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து அலசவும்.
- வாழைக்கறை: ஈரமாக இருக்கும்போது அலசினால் உண்டு. காய்ந்துவிட்டால் அந்தச் சட்டையைத் தோட்டத்துக்கென ஒதுக்கிவிடுவதே புத்திசாலித்தனம். அதோடு மல்லுக்கட்டித் துணியைக் கிழித்தவர்கள் அதிகம்.

பிளீச் விஷயத்தில் எச்சரிக்கை. குளோரின் பிளீச் பட்டையும் கம்பளியையும் கரைத்தே விடும். நைலானை மஞ்சளாக்கும். அதைவிட முக்கியம், பிளீச்சிங் பவுடரையோ திரவத்தையோ கழிப்பறை கழுவும் அமிலத்தோடும் வினிகரோடும் எலுமிச்சையோடும் ஒருபோதும் கலக்கக் கூடாது. கிளம்புவது குளோரின் வாயு; மூடிய குளியலறையில் மூச்சை அடைக்கும். தவறிக் கலந்துவிட்டால் எதையும் சரிசெய்ய நிற்காமல், கதவைத் திறந்துவிட்டு வெளியே வர வேண்டும்.

பட்டுச்சேலைக் கறையை வீட்டில் பெட்ரோல் ஊற்றித் துடைக்கும் பழக்கமும் இன்னும் மறையவில்லை. கடையில் 'பெட்ரோல் வாஷ்' என்று சொல்வதால் வந்த துணிச்சல் இது. பெட்ரோல் ஆவிக்கு நெருப்பு வேண்டியதில்லை, மின்விசிறி ஸ்விட்சின் சிறு பொறி போதும்.

தோல்: மழைக்காலத்துப் பிரச்சினை

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் தொழிலுக்குப் பேர்போன ஊர்கள் நம்மிடம் இருந்தும், வீட்டில் தோல் பொருளைப் பேணும் பழக்கம் குறைவு. கைப்பையையும் ஷூவையும் மழை முடிந்து வெளியே எடுத்தால் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சணம்.

1. மழையில் நனைந்த ஷூவை வெயிலில் வைக்காதீர்கள், ஹேர் டிரையர் காட்டாதீர்கள். சூட்டில் தோல் விறைத்து வெடிக்கும். உள்ளே வெள்ளைக் காகிதத்தை அடைத்து, மின்விசிறிக் காற்றில் வைத்து, காகிதம் ஈரமாக ஈரமாக மாற்றவும்.
2. பூஞ்சணம் பிடித்த பையை வீட்டுக்குள் தட்ட வேண்டாம். முகக்கவசம் அணிந்து, வெளியே கொண்டுபோய் மெல்லிய பிரஷால் தட்டவும்.
3. வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து துடைக்கவும். நிழலில் உலர்த்தவும்.
4. முழுக்கக் காய்ந்த பிறகு லெதர் கிரீம் மிகக் கொஞ்சம். தேங்காய் எண்ணெய் தடவினால் முதலில் பளபளக்கும், பிறகு திட்டாகக் கறுத்துத் தூசியைப் பிடிக்கும்.
5. பையை வெறுமையாக மடித்து வைக்காமல் உள்ளே பழந்துணியை அடைத்து, துணிப் பையில் வைக்கவும். புதுப் பொருள்களோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கி எறியாமல் இங்கே போடலாம், குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில்.

ஆவாரம்பட்டை போன்ற பட்டைச் சாற்றில் பதனிட்ட பழுப்புத் தோல் என்றால் இன்னொரு கவனம். ஈரத்தோடு இரும்பு பட்டால் கருநீலக் கறை விழும். நனைந்த பெல்ட்டை இரும்பு ஆணியில் மாட்டினால் ஆணியின் உருவமே அதில் பதிந்துவிடும்.

பி.யு. வகை ரெக்சின் பைகள் வேறு கதை. அவற்றின் மேற்பூச்சைக் காற்றின் ஈரமே சிதைக்கிறது. உரிய ஆரம்பித்துவிட்டால் ஒட்டுவதற்கு எதுவும் இல்லை. கல்யாணத்துக்கு மட்டும் போடலாம் என்று டப்பாவில் வைத்த ஷூவின் அடிப்பாகம் மூன்று நான்கு வருடத்தில் பொடிப்பொடியாக உதிர்வதும் இதனால்தான். இந்தச் சரக்கைச் சேமித்து வைப்பது வீண், போட்டுத் தீர்த்துவிட வேண்டும்.

நகை: கடைசியில் அணிந்து முதலில் கழற்றுவது

பவுடர், சென்ட், தலைக்கு ஸ்பிரே எல்லாம் முடிந்த பிறகு நகை. வீட்டுக்கு வந்ததும் முதலில் கழற்ற வேண்டியதும் நகை. இந்த வரிசையைப் பின்பற்றினாலே கவரிங்கின் ஆயுள் கூடும். அதன் முலாமுக்கு வியர்வைதான் பெரிய எதிரி, ஒவ்வொரு முறையும் உலர்ந்த துணியால் துடைத்துத் தனித்தனி ஜிப் பையில் போடவும்.

தங்கத்துக்கு இளஞ்சூட்டுத் தண்ணீரும் சில சொட்டுக் குளியல் ஷாம்பும் மெல்லிய பிரஷும் போதும். கழுவும் தொட்டியின் ஓட்டையை முதலில் அடைக்கவும். கழன்ற கல் சாக்கடைக்குப் போன பிறகு யோசித்துப் பயனில்லை. நீச்சல்குளத்துக்கு நகையோடு போகக் கூடாது, அங்குள்ள குளோரின் 22 காரட்டில் கலந்துள்ள தாமிரத்தைத் தாக்கும். உடைந்த தெர்மாமீட்டரின் பாதரசத்தைப் பொறுக்குமுன் மோதிரத்தையும் வளையலையும் கழற்றவும். பாதரசம் பட்ட தங்கம் வெள்ளையாகிவிடும்.

பரதநாட்டிய மேடையிலும் கல்யாணங்களிலும் அணியும் கெம்புக்கல் நகைகளைத் தண்ணீரில் போடவே கூடாது. கல்லுக்குப் பின்னால் அரக்கும் மெல்லிய தகடும் இருக்கும். ஈரம் புகுந்தால் கல் கறுத்து மங்கும், சூடு பட்டால் அரக்கு இளகிக் கல் கழலும். உலர்ந்த பிரஷால் துடைப்பதோடு சரி. முத்தும் பவளமும் சுண்ணாம்புச் சேர்மம். எலுமிச்சை, வினிகர், சென்ட் பட்டால் மேற்பரப்பு அரிக்கும். கழற்றியதும் ஈரத்துணியால் துடைத்து, பட்டுத்துணியில் படுக்கை வாட்டில் வைக்கவும். தொங்கவிட்டால் நூல் தளரும். அடிக்கடி அணியும் முத்து மாலையை வருடத்துக்கு ஒருமுறை நூல் மாற்றிக் கோப்பது நல்லது.

கறுத்த வெள்ளிக் கொலுசுக்குப் பற்பசை வேண்டாம், கீறல் விழும். இதைச் செய்யலாம்:

1. அலுமினியப் பாத்திரம் அல்லாத கிண்ணத்தின் அடியில் அலுமினியத் தாளைப் பளபளப்பான பக்கம் மேலே இருக்கும்படி விரிக்கவும்.
2. கொலுசு தாளைத் தொடும்படி வைத்து, ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடாவைத் தூவவும்.
3. கொதிக்கும் தண்ணீரை மெல்ல ஊற்றவும். நுரைத்துப் பொங்கும், முகத்தை அருகில் கொண்டுபோக வேண்டாம். அழுகிய முட்டை வாடை வரும். வெள்ளியோடு ஒட்டியிருந்த கந்தகம் பிரியும் வாடை அது. ஜன்னலைத் திறந்து வைக்கவும்.
4. சில நிமிடங்களில் இடுக்கியால் எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, மணிகளின் இடுக்கில் ஈரம் தங்காமல் துடைக்கவும்.

கல் பதித்த வெள்ளிக்கும், வேண்டுமென்றே கறுக்கவைத்த 'ஆக்சிடைஸ்டு' நகைக்கும் இது ஆகாது. அந்தக் கறுப்புக்குத்தான் கடையில் காசு கொடுத்திருக்கிறோம்.

வெளியே கொடுக்கும்போது

டிரை வாஷ் கடையில் சேலையைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு வராமல், கறை இருக்கும் இடத்தை விரித்துக் காட்டி, அது எதனால் விழுந்தது, வீட்டில் அதன்மேல் என்னென்ன போட்டோம் என்று சொல்லவும். போட்ட வைத்தியத்தை மறைப்பதால் நஷ்டம் சேலைக்குத்தான். ஜரிகை, முந்தானை இரண்டையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளவும். திரும்பி வந்ததும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி, ரசாயன வாடை போகும்வரை காற்றில் போட்ட பிறகே பீரோவுக்குள். பாலிஷ், ரோல் பிரஸ் என்று கேட்பவர்கள், அடுத்து எப்போது கட்டப்போகிறோம் என்று யோசித்துக் கேட்கவும். பாலிஷ் என்ற பெயரில் ஏறுவது பெரும்பாலும் கஞ்சிதான். பட்டுக்குள் கஞ்சியோடு நீண்ட நாள் உறக்கம் ராமபாணத்துக்கு விருந்து.

தங்க நகையைப் பாலிஷுக்குக் கொடுப்பதற்கு முன் எடை போட்டு ரசீதில் எழுதச் சொல்லவும். 916 முத்திரையோடு இருக்கும் ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. குறியீட்டையும் குறித்துக்கொள்ளவும்; 2023 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கிய ஹால்மார்க் நகைகளில் அது இருக்கும். திரும்ப வாங்கும்போது அதே தராசில் மறுபடி எடை. பாலிஷ் போடும் அமிலமும் சக்கரமும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தங்கத்தை எடுக்கத்தான் செய்யும், அதனால் அடிக்கடி கொடுக்க வேண்டாம்.

வீட்டு வாசலில் வந்து நின்று, "நகைக்கு இலவசமா பாலிஷ் போட்டுத் தர்றோம்மா" என்று கேட்பவர்களிடம் மட்டும் எதையும் கழற்றித் தரக் கூடாது. கண்ணெதிரே ஒரு திரவத்தில் முக்கி எடுத்துப் பளபளவென்று காட்டுவார்கள். அந்தத் திரவம் தங்கத்தையே கரைக்கும் அமிலக் கலவையாக இருக்கலாம். கிண்ணத்தின் அடியில் இறங்கியது அவர்களோடு போகும். முதலில் வெள்ளிக் கொலுசையும் பித்தளை விளக்கையும் உண்மையாகவே நன்றாகத் துலக்கிக் காட்டுவார்கள் என்பதால், பகலில் வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லி வைக்கவும். கதவைத் திறக்காமலே "வேண்டாம்" என்று சொல்லலாம், அதற்குள் பக்கத்து வீட்டுக்கு ஒரு போன்.